துணி விலகும்போது தெரிகிற குதிரைக்காரன்

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து ஒரே காற்று. மொட்டை மாடியில் பிள்ளைகள் காயப்போட்ட துணியில் பாதி பக்கத்து சைட்டில் போய் விழுந்துவிட்டது. வாட்ச்மேன் நரசிம்மலு ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து, யாருடையது என்று கேட்கக் கூச்சப்பட்டு, மூட்டையாகக் கட்டி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். லேடீஸ் ஹாஸ்டலில் வாட்ச்மேனாக இருப்பது லேசான காரியமில்லை. வார்டனாக இருப்பதும்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இந்தக் கட்டடம் என்னுடையது. பிள்ளைகள் எல்லாம் ஐ.டி. பார்க்கில் இருப்பார்கள். சமையல்காரம்மா பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவார். நான் டிவி ஹாலில் திரையை இழுத்துவிட்டுக் குதிரைப் படத்தைப் போடுவேன். மூன்றாம் நம்பர் ரூம் மிஸ்பா கொடுத்த பென்டிரைவ். தாராபுரத்துப் பெண், அமெரிக்கக் கம்பெனிக்கு ராத்திரி வேலை, பகலில் தூக்கம். அழுகாச்சி இல்லாமல், பாட்டு இல்லாமல் ஏதாவது இருந்தால் கொடு கண்ணு என்று ஒருநாள் கேட்டதற்கு இதைக் கொடுத்தாள். நான் பிறப்பதற்கு முன்பே எடுத்த வெள்ளைக்காரப் படம். அன்றிலிருந்து எனக்கு இதுதான். எத்தனையாவது தடவை என்று யாராவது கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. பொட்டல் காடு. வண்டிப்பாதை ஓரம் ஒரு வீடு, ஒரு கிணறு. போகிற வருகிற வண்டிகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துப் பிழைக்கிற ஒரு பெண், தனியாள். ஒருநாள் நொண்டுகிற குதிரையை நடத்திக்கொண்டு ஒருவன் வருகிறான். முதலில் குதிரைக்குத் தண்ணீர் கேட்கிறான். அது குடித்து முடித்த பிறகுதான் தனக்குக் கேட்கிறான். அந்த இடத்திலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. பனிக்காலம் முழுக்க அங்கேயே இருக்கிறான். கூரையைச் சரிபண்ணுகிறான், வேலி போடுகிறான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பேச்சே கிடையாது, கரண்டிச் சத்தம் மட்டும். பனி உருகினதும் போய்விடுகிறான். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். ஆனால் படம் முடிந்து திரையை விலக்கினால் சரவணம்பட்டி வெயில் வேறு ஏதோ ஊர் வெயிலாகத் தெரிகிறது. கேட்டுக்கு வெளியே நின்ற தண்ணீர் லாரியை இன்று கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் என்னங்கக்கா என்று கேட்ட பிறகுதான் கேட்டைத் திறந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்காரர் ராஜஸ்தானிலிருந்து போன் பண்ணினார். ரிக் வண்டி தெற்கே இறங்கப் போகிறதாம். போர்வெல் ரிக்கில் டிரில்லராக இருக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டால் வருடம் இரண்டாகப் பிரிந்துவிடும். வண்டி வடக்கே ஏறுகிற ஆவணி, அங்கே மழை பிடித்து வண்டி ஊர் திரும்புகிற ஆனி. நடுவில் இருப்பதெல்லாம் போன்தான்.

போனில் நாங்கள் பேசுவதை யாராவது ஒட்டுக் கேட்டால் தூங்கிவிடுவார்கள். சாப்டீங்களா, சாப்ட்டேன். அங்க மழையா, காத்துத்தானுங்க. இன்று எனக்கு என்னவோ தோன்றி, குதிரைப் படத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பொட்டல், வீடு, கிணறு என்று வரும்போதே, கிணறு எத்தனை அடி என்று கேட்டார். டவர் போய்விட்டது.

ஜூன் 19, வியாழன்

கரண்ட் இல்லை. படம் இல்லை. சும்மா கண்ணை மூடிக்கொண்டு அவள் மாவு பிசைகிற இடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

வந்துவிட்டார். பையை உதறினால் வாசல் முழுக்கப் புழுதி. இளைத்திருக்கிறார். காது இன்னும் கொஞ்சம் மந்தம், கம்ப்ரஸர் சத்தத்திலேயே நிற்பதால். கட்டிலில் படுக்காமல் தரையில் பாய் போட்டுப் படுத்தார். இரண்டு மூன்று நாளைக்கு அப்படித்தான். பிறகு கட்டிலுக்கு வருவார்.

கோழிக்குழம்பு வைத்தேன். நல்லா இருக்குதுங்க என்றார். எனக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், வந்த புதிதில். நானும் ஏங்க, சொல்லுங்க என்று விருந்தாளியிடம் பேசுகிற மாதிரியே பேசினேன். இந்தக் கூச்சம் தெளிவதற்குள் ஆடி வந்துவிடும்.

ஜூலை 3, வியாழன்

ஹாஸ்டல் போர் மோட்டார் மக்கர். இவரையே கூட்டிப்போனேன். மேலே டேங்க் நிரம்புகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று டிவி ஹால் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் படத்தைப் போட்டிருந்தேன்.

சண்டை வருகிற இடம். கிணற்றைப் பிடுங்க நாலு பேர் வருகிறார்கள், அவன் துப்பாக்கியோடு வெளியே போகிறான். ஆனால் வெளியே நடப்பதைக் காட்டவே மாட்டார்கள். அவள் உள்ளே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பாள். சுடுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் லேசாகத் தூக்கிப்போடும். கை மட்டும் நிற்காது. சத்தம் அடங்கிக் கதவு திறக்கிறவரைக்கும் பிசைந்துகொண்டே இருப்பாள். வருவது யார் என்று நமக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இந்த இடத்துக்கு எத்தனை சினிமா வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துவிடலாம். மிஸ்பாவுக்கு இதுதான் குறை. சண்டையைக் காட்டாத சண்டைப் படம் எதற்கு என்பாள்.

இவர் என்ன சொன்னார் என்றால், இந்தப் பாறைக்காட்டில் எவன் கையால் அவ்வளவு ஆழம் தோண்டினான் என்று. சினிமாங்க என்றேன். சினிமான்னாலும் தண்ணி தண்ணிதான என்றார். நல்ல மனுசன். ரசனைதான் கொஞ்சம் பூமிக்கு அடியில் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் திருச்செங்கோட்டிலிருந்து ஓனர் போன். வண்டி ஒன்றைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப் போகிறாராம், தான்சானியா. இவர்தான் டிரில்லராகப் போக வேண்டுமாம். மூன்று வருடம். நடுவில் ஒரு தடவை ஊருக்கு வரலாம். ஆவணியில் கிளம்ப வேண்டும்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டார்.

"உனக்கு எப்படித் தோணுது கண்ணு?"

"உங்க இஷ்டமுங்க."

"செரி" என்றார்.

வேறு என்ன சொல்வது? போகிற காரியத்துக்குக் குறுக்கே நிற்கலாமா? எங்கள் பக்கத்தில் 'போறேன்' என்றுகூடச் சொல்ல மாட்டோம், 'வாரேன்' என்போம். எங்கே போகிறாய் என்று கேட்டாலே ஆகாது. படத்திலும் இப்படித்தானே. மேட்டுப் பாதை காய்ந்துவிட்டது என்கிறான் அவன். அப்படியானால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள் என்கிறாள் அவள். என்ன ஒரு பதில். ஆயிரம் வசனம் பேசினாலும் அதற்கு ஈடாகாது. எனக்கு அந்த இடத்தில் எப்போதும் புல்லரிக்கும்.

இன்று பூண்டு உரித்த கை எரிந்துகொண்டே இருந்தது. மூன்று வருடம். மூன்று வருடத்தில் மகளுக்குப் படிப்பு முடிந்துவிடும். எனக்கு நரைத்துவிடும்.

ஜூலை 12, சனி

கனவு. நேற்று கருமத்தம்பட்டியில் கொழுந்தனார் வீட்டில் தங்கியிருந்தோம். சுற்றிலும் தறி ஓடுகிற ஊர், சத்தத்திலேயே தூக்கம் வரும். அந்த டடக் டடக் எப்போது குதிரைக் குளம்பாக மாறியது என்று தெரியவில்லை.

அவிநாசி ரோட்டில் வண்டியே இல்லை. ரோடு முழுக்கப் புழுதி, மஞ்சள் வெளிச்சம். பேக்கரி வாசல் வேப்பமரத்தில் குதிரையைக் கட்டிவிட்டு அவன் உள்ளே வந்து டீ கேட்கிறான். கல்லாவில் நான். குதிரைக்கு முதலில் தண்ணீர் வையுங்கள் என்கிறான், சுத்தமான கொங்குத் தமிழில். தொப்பியைக் கழற்றினால் இவர். காதில் கை வைத்துக்கொண்டு, என்னங்க சொன்னீங்க, கேக்கலீங்க என்கிறார். நான் எதுவுமே சொல்லவில்லை. சொல்லாததைத்தான் கேட்கவில்லை என்கிறார்.

விழித்தபோது தறி நின்றிருந்தது. அந்த அமைதியில்தான் விழிப்பு வந்திருக்க வேண்டும். பக்கத்தில் இவர் தரையில் பாயில். இந்தத் தடவை பதினெட்டு நாளாகியும் கட்டிலுக்கு வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சாரல் பிடித்துக்கொண்டது, பிள்ளைகள் யாரும் வெளியே போகவில்லை. வார்டன் அக்காவின் குதிரையை எல்லோரும் பார்க்கலாம் என்று மிஸ்பா ஹாலில் கூட்டம் சேர்த்துவிட்டாள். மோட்டாருக்கு வால்வு மாற்ற வந்திருந்த இவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். பெண்பிள்ளைகள் நடுவில் உட்காரக் கூச்சப்பட்டு நாற்காலியைக் கதவோரம் இழுத்துக்கொண்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானே எடுத்த படம் மாதிரி. ஒவ்வொரு இடமும் வருவதற்கு முன்னால் பாருங்க பாருங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை வாயை மூடச் சொன்னார்கள்.

கடைசிக் காட்சி. அவள் வெள்ளை விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் காயப்போடுகிறாள். அந்தப் பக்கம் அவன் குதிரையில் ஏறிப் போகிறான். காற்றில் விரிப்புகள் எழும்பி எழும்பி விழுகின்றன. எழும்பும்போது தூரத்தில் அவன் சின்னதாகத் தெரிவான், விழும்போது மறைவான். அவள் திரும்பியே பார்ப்பதில்லை. கடைசி விரிப்பில் மட்டும் கை அப்படியே நின்றுவிடும். அந்தக் கையோடு படம் முடியும். நான் எப்போதும் அந்தக் கையைத்தான் பார்ப்பேன்.

லைட்டைப் போட்டதும் லாஸ்யா, நெல்லூர்ப் பெண், அவளுக்கு நெஞ்சு என்ன கல்லா அக்கா என்றாள். எனக்குச் சுரீர் என்றது. விட்டேனா? போகிறவரைப் பின்னால் கூப்பிடலாமா, வழியை மறிக்காமல் அனுப்பி வைப்பதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும், அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா, ஆசை இருந்தும் வாயைத் திறக்கவில்லை பாருங்கள், அதுதான் பிரியம் என்று பிரசங்கமே பண்ணினேன். மிஸ்பா, அக்கா, அந்தம்மாவுக்கு நம்மூர் சகுனமெல்லாம் தெரியாதேக்கா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அண்ணன் என்ன சொல்றீங்க என்று இவரைக் கேட்டார்கள்.

இவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அவன் போவவே இல்லீங்களே. துணி ஒவ்வொருக்காவும் எந்திரிக்கறப்பப் பாருங்க. நின்னுட்டுத்தான் இருக்கான். எறங்கி சேணத்து வாரை இறுக்கறான், அது லூசாவே இல்லீங்க. பொறகு குதிரைக் காலைத் தூக்கிப் பாக்கறான், அதுக்கும் ஒண்ணுமில்ல. கூப்புடுவாளோன்னு நிக்கறானுங்க."

சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் கடைசியை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஆமாக்கா, ஆமாக்கா என்று ஒரே கூச்சல். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஆவணியும் இவர் கிளம்பித் தெருமுனை வரை போய்விட்டு, எதையாவது மறந்துவிட்டேன் என்று திரும்பி வருவார். துண்டு. சார்ஜர். ஒரு வருடம் மூக்குக்கண்ணாடி. அது சட்டைப்பையிலேயே இருந்தது. கிளம்பித் திரும்பியவர் அப்படியே போகக்கூடாது, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். சொம்பில் கொண்டுவந்து கொடுப்பேன். அவ்வளவு மெதுவாகத் தண்ணீர் குடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. உங்கப்பாவுக்கு ஞாபகமறதி என்று மகளிடம் கேலி பண்ணுவேன். பூமிக்குள் எத்தனை குழாய் இறக்கியிருக்கிறது என்பதை மனசிலேயே வைத்திருக்கிற மனுசன், துண்டை மறப்பாரா?

நான் என்ன பண்ணினேன்? சொம்பை வாங்கிக்கொண்டு, போய்ட்டு வாங்க என்றேன். கண்ணில் தண்ணீர் காட்டாமல் அனுப்பிவிட்டோம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

ஜூலை 21, திங்கள்

தனியாக மறுபடி போட்டேன். இந்தத் தடவை அவளைப் பார்க்கவே இல்லை.

வேறு படம் இது. அவன் வந்த முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு வேலையையும் இழுத்து இழுத்துச் செய்கிறான். வேலியில் ஒரு கம்பத்தை நட்டுவிட்டு, பிடுங்கி, ஒரு சாண் தள்ளி மறுபடி நடுகிறான். சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டைப் பார்க்கும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கிறான். அவள் நிமிர்ந்தால் கரண்டியைப் பார்க்கிறான். குதிரையின் கால் எப்போதோ குணமாகிவிட்டது. தெரிந்தும் தினமும் கட்டுப் போடுகிறான். இதையெல்லாம் எடுத்து வைத்தவர் யாரோ, எங்கேயோ, எப்போதோ. செத்துப்போயிருப்பார். நான் பார்க்கும்வரைக்கும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

கடைசியில் துணி விலகுகிறது. நிற்கிறான். மூடுகிறது. விலகுகிறது. இன்னும் நிற்கிறான். கூப்பிட்டுத் தொலையேண்டி என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்து மிஸ்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று சொல்லிவிடலாம் என்றுதான் கூடவே போனேன். சிங்காநல்லூரில் ரிக் சாமான் கடையில் இவருக்கு வேலை. முடிந்ததும் குளக்கரைக்குப் போய் நின்றோம். நல்ல காற்று, தண்ணீர் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக. நடுத்திட்டில் கூழைக்கடா ஒன்று அசையாமல் நின்றது. ஸ்கூட்டியில் வரும்போதெல்லாம் வார்த்தையைக் கோத்து வைத்திருந்தேன். எப்படி ஆரம்பிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம்.

இவரே பேச்சை எடுத்தார். ஓனருக்கு இன்னைக்குப் பதில் சொல்லோணும், என்ன சொல்லட்டும் என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். தண்ணியைப் பார்த்துக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேன்.

"நான் என்னுங்க சொல்றது. உங்க இஷ்டம்."

வந்துபோட்டது. நாக்குல அதுவே குடியிருக்குது போல. ஏண்டி, உனக்குன்னு ஒரு இஷ்டம் இல்லியா? மரியாதையாம் மரியாதை. இவர் செரின்னு தலையாட்டிட்டு அங்கேயே ஓனருக்குப் போன் போட்டுச் செரிங்கன்னு சொல்லிப்போட்டார். நான் கூழைக்கடாவைப் பாத்துட்டு நின்னேன். அது பறந்துகூடப் போகல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மகள் லோகப்பிரியா மதுரை ஹாஸ்டலிலிருந்து போன். அப்பா உண்மையிலேயே போறாரா என்றாள். ஆமாம் என்றேன். நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா என்றாள். அதெப்படி கண்ணு சொல்றது என்றேன்.  அம்மாவுக்கு நீங்க போறதுல இஷ்டமில்லைன்னு அப்பாகிட்ட நான் சொன்னேம்மா, அப்படி இருந்தா உங்கம்மா சொல்லியிருப்பாங்களேங்கறார் என்றாள்.

படம் போடவில்லை. இந்த வாரம் முழுக்கவே போடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

புதுப் பை வாங்கி வந்திருக்கிறார். சக்கரம் வைத்தது.

ஆகஸ்ட் 20, புதன்

திருச்செங்கோடு போய் இரண்டு நாள் இருந்து கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டு, அங்கிருந்தே சென்னை, பிளேன்.

காலையில் இட்லி. சாமி கும்பிட்டார். வாரேன் கண்ணு என்றார். போய்ட்டு வாங்க என்றேன். இந்தத் தடவை நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வருவார் அல்லவா, உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார் அல்லவா, அப்போது சொல்லிவிடுவது. அவரே வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் பின்னால் கூப்பிட்ட தோஷமும் இல்லை. சொம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றேன்.

தெருமுனை மருந்துக்கடை வரை போனார். சக்கரச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. ரோட்டில் ஏறி மறைந்தார். நான் நின்றேன். இப்போது வருவார், இப்போது வருவார். தண்ணீரில் வேப்பிலையோ என்னவோ விழுந்தது.

வரவில்லை. இந்த வருடம் அவர் எதையும் மறக்கவில்லை.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன், சொம்போடு. எதிர்வீட்டுச் சென்னியம்மாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, அம்மணி, போறவரைப் பின்னால கூப்புடாத என்றார். மருந்துக்கடை தாண்டினால் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கிறார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஏனுங்க என்றேன். சத்தமே வரவில்லை. கம்ப்ரஸர் காது வேறு. மறுபடி கூப்பிட்டேன். ஸ்டாப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவரும் திரும்பினார்.

பக்கத்தில் போனேன். மூச்சு வாங்கியது. கோத்து வைத்தது ஒன்றும் ஞாபகம் இல்லை.

"போவ வேண்டாமுங்க. உங்க இஷ்டமில்ல இது, என்ர இஷ்டம். நீங்க இங்க இருக்கோணும்."

பையை நிமிர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வாக்குக் குடுத்துட்டனே கண்ணு."

பஸ் வந்துவிட்டது. சொம்பை வாங்கி நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கொடுத்தார். ஏறிக்கொண்டார். கண்டக்டர் பையை உள்ளே தள்ளினார். ஜன்னலில் முகம் தெரியுமா என்று பார்த்தேன், தெரியவில்லை.

வெறும் சொம்போடு திரும்பி வந்தேன். சென்னியம்மாள் இன்னும் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.  பயமாக இருக்கிறது. பின்னால் கூப்பிட்டேனே, பிளேனில் போகிறவரை. ஒன்றும் ஆகக்கூடாது, சாமி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போன் இல்லை. நானும் பண்ணவில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாயங்காலம் வீட்டு வாசலில் சக்கரச் சத்தம்.

சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். ஆப்பிரிக்கா போகவில்லை என்பதைப் போனில் சொல்வது முறையில்லை என்று நேரில் போய் ஓனரிடம் சொன்னாராம். ஓனர் வாய்க்கு வந்தபடி பேசினாராம். வேறு ஆள் கிடைக்கிறவரைக்கும் இருந்துவிட்டுப் போ என்றாராம். இரண்டு நாளில் சங்ககிரிப் பையன் ஒருவன் சம்மதித்துவிட்டானாம். இனி வடக்கே போகிற வண்டியிலும் இவருக்கு இடமில்லையாம். எல்லாவற்றையும் வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

இனி என்ன பண்றதுங்க என்று கேட்டேன்.

"கூப்புட்டது நீ. நீயே சொல்லு" என்றார். சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது, நன்றாக அழுதேன், சத்தமாக. இருபது வருடத்தில் இவர் எதிரில் அழுதது இதுதான் முதல் தடவை. என்ன செய்வது என்று தெரியாமல் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

ஆகஸ்ட் 30, சனி

அன்னூரில் ஒரு லோக்கல் ரிக். காலையில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடலாம். சம்பளம் குறைவுதான். போகட்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

சண்டை. சின்னச் சண்டை இல்லை.

ரிக்கில் நனைந்த செம்மண் சட்டையைக் கொண்டுவந்து என் புடவைகளோடு மெஷினில் போட்டு ஓட்டிவிட்டார். உதவி பண்ணுகிறாராம். வெங்காயக் கலர் காட்டன் புடவை போயே போய்விட்டது. உங்களை யாரு தொடச் சொன்னது என்றேன். ஒரு துணிக்கு இத்தனை பேச்சா என்றார். ஒரு துணியா, பாத்ரூம் முழுக்கச் சேறு, டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பது, என் டம்ளர் ஸ்டாண்டை இடம் மாற்றியது என்று நான் பட்டியலை எடுத்தேன். இவரும் விடவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு நொட்டை சொல்கிறாய் என்றார். 'ங்க' எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, இரண்டு பேருக்கும். சென்னியம்மாள் அவர் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

யோசித்தால் நாங்கள் சண்டையே போட்டதில்லை. வருடத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறவரோடு யார் சண்டை போடுவார்கள்? நேரம் எங்கே இருந்தது?

ஏழு மணிக்கே சாப்பிடாமல் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். நானும் கூப்பிடவில்லை. மாவு இருக்கிறது, பசித்தால் எழுந்து வரட்டும். வராவிட்டால் காலையில் பேசிக்கொள்ளலாம். நாளைக்கும் இங்கேதான் இருப்பார்.